எழுபது வளைவுக்கு மேலே ஒரு சபை: கைகொடுக்க நினைப்பவர்களுக்கு

முதல் தடவை கொல்லிமலைக்குப் போனபோது நாங்கள் ஒரு கீபோர்டு கொண்டுபோனோம். சேலத்தில் எங்கள் சபை வாலிபர்கள் மூன்று மாதம் சேர்த்த காசு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் அதை மடியிலேயே வைத்து ஏறினோம். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தலைச்சுமை. ஜெபம் பண்ணி, போட்டோ எடுத்து, கொடுத்துவிட்டு இறங்கினோம். இரண்டு வருஷம் கழித்துப் போனால் உறைகூடப் பிரிக்காமல் பீரோ மேலே இருந்தது. வாசிக்க ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஊரில் வரும் வோல்டேஜுக்குக் குண்டு பல்பே சிவப்பாகத்தான் எரியும். ஒரு கஞ்சிராவையும் கைத்தட்டலையும் வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு அருமையாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். கூரைதான் பதினோரு இடத்தில் ஒழுகியது. நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷமாகப் போய்வருகிறோம். மலைமேல் இருக்கிற சின்னச் சபை ஒன்றுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று உங்களுக்கும் உங்கள் சபைக்கும் தோன்றியிருந்தால், நாங்கள் பட்டதையும் கற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன். நான் அறிந்த மலை கொல்லிமலை என்பதால் எல்லாமே அங்கிருந்துதான். கல்வராயனுக்கோ பச்சைமலைக்கோ போகிறவர்கள் இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. போவதற்கு முன் மலையைக் கொஞ்சம் படியுங்கள்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலை முழுக்க நாடு நாடாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் ஒருவர் சேர்வராயனுக்கும், ஒருவர் பச்சைமலைக்கும், ஒருவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள். ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு, அவருக்கு மேலே பட்டக்காரர் உண்டு. மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை, மரவள்ளி, சாமை, ராகி. யாரிடம் எப்போது கையில் காசு இருக்கும் என்பது இந்தப் பயிர்களைப் பொறுத்தது. சபையின் காணிக்கைப் பெட்டியும் அப்படித்தான்.

இந்த மலையில் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் மூலமாக 1907-இல் இந்தியா வந்தவர். 1913-இல் எவெலின் ஹாரிஸைக் கல்யாணம் செய்துகொண்டு, இருவருமாக இந்த மலையில் குடியேறினார்கள். அடுத்த வருஷம் பிறந்த மகன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பெயர்பெற்ற டாக்டர் பால் பிராண்ட். ஜெஸ்ஸிக்குக் கட்டடவேலையும் தெரியும், வைத்தியமும் தெரியும். நரம்புச் சிலந்தி நோய் தண்ணீரில் பரவுவதை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்து, கிணற்றுக்குச் சுவர் கட்ட வைத்தார். அந்த நோய் இந்தியாவைவிட்டு முழுக்க ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-இல். ஜெஸ்ஸி 1929-இல் மலைக்காய்ச்சல் முற்றி இங்கேயே இறந்தார்.

எவெலின் அம்மாள் அதற்குப் பிறகும் பல வருஷம் மிஷனில் வேலை செய்தார். எழுபதை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. ஊருக்குத் திரும்பாமல் தானாகவே மலை ஏறிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974-இல் 95 வயதில் இறந்தபோது கணவர் பக்கத்திலேயே வாழவந்தியில் அடக்கம் செய்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் போய்ப் பார்க்கப்போகிற சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்த அம்மாளைச் சின்ன வயதில் நேரில் பார்த்தவராக இருக்கலாம். அவர்களுக்கு "சுவிசேஷம் கொண்டு வந்திருக்கிறோம்" என்று மேடையில் பேசிவிடாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி பேசினான். பாட்டி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

2. சபை யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்

மலைச் சபைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில, பழைய மிஷன் வழிவந்தவை. அவற்றுக்கு மேலே பல சபைகளை நிர்வகிக்கும் சங்கமோ பேராயமோ இருக்கும். சில, சமவெளியிலுள்ள மிஷனெரி இயக்கம் அனுப்பிய ஊழியர் ஆரம்பித்தவை. இன்னும் சில, உள்ளூர்க்காரர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் தொடங்கிய ஜெபக்கூடம். மேலே கேள்வி கேட்க யாரும் இல்லை.

மூன்றில் எதற்கும் உதவலாம். ஆனால் முதலில் இவ்வளவையும் தெரிந்துகொள்ளுங்கள்: கணக்கு யாருக்குக் காட்டுகிறார்கள்? போதகரை மாற்றுகிற அதிகாரம் யாருக்கு? வேறு எந்த ஊர்ச் சபை ஏற்கெனவே இவர்களுக்குக் கொடுக்கிறது? கடைசிக் கேள்வி கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். ஒரே கூரைக்கு மூன்று ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பணம் அனுப்பிய கதை எனக்குத் தெரியும். ஏமாற்றியவர் என்று யாரையும் அதில் சொல்ல முடியாது. மூன்று பேருமே தாங்களாக வந்து, தாங்களாக அறிவித்துவிட்டுப் போனவர்கள். மறுப்பது மரியாதையில்லை என்று அந்தச் சபைப் போதகர் வாங்கி வைத்திருந்தார்.

மேலே பேராயமோ சங்கமோ இருந்தால் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். நேராகப் போதகரிடம் போனால் பின்னால் அவருக்குத்தான் பிரச்சினை வரும்.

3. முதல் பயணம்: வெறுங்கையோடு போங்கள்

நிஜமாகவே வெறுங்கையோடு. ஒரு கிலோ இனிப்பு, பழம், பிள்ளைகளுக்கு பிஸ்கட், அவ்வளவு போதும். விருந்தாளி கொண்டுபோகிற அளவுதான்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்துதான் வளைவுகள். ஏறினால் சோளக்காடு, அப்புறம் செம்மேடு. பேருந்தில் போனால் முன்பக்கம் உட்காருங்கள், காலையில் லேசாகச் சாப்பிடுங்கள். மிச்சத்தை முப்பதாவது வளைவு சொல்லும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். அந்த நாட்களில் மலைப்பாதை முழுக்க வண்டிதான், அப்போது போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள் ஊர்களுக்குப் போகிற மண்பாதை சேறாகிவிடும். ஆனால் சபையின் நிஜமான நிலையைப் பார்க்க ஒரு தடவையாவது மழைக்காலத்தில் போகத்தான் வேண்டும். எந்த இடத்தில் ஒழுகுகிறது, எத்தனை பேர் நனைந்துகொண்டு வருகிறார்கள், போதகர் வீட்டில் விறகு காய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் மார்ச் மாதத்தில் தெரியாது.

சனிக்கிழமை மதியமே போய், இரவு தங்கி, ஞாயிறு ஆராதனைக்கு இருந்துவிட்டு வாருங்கள். ஒன்பதரைக்கு ஆராதனை என்றால் பத்தேகாலுக்கு ஆரம்பிக்கும். மாட்டைக் கட்டிவிட்டு, கஞ்சி வைத்துவிட்டு, மூன்று குன்று தாண்டி வருகிறார்கள். "லேட்" என்று வாட்சைப் பார்க்காதீர்கள். உங்களைப் பிரசங்கம் செய்யச் சொல்வார்கள். முதல் தடவை வேண்டாம் என்று பணிவாகச் சொல்லி, கூட்டத்தோடு பாயில் உட்காருங்கள். போதகர் எப்படிப் பிரசங்கிக்கிறார், காணிக்கை எடுக்கும்போது பெண்கள் முந்தானை முடிச்சிலிருந்து எதை அவிழ்க்கிறார்கள், யார் பாட்டை எடுத்துக்கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

கூப்பிடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். போதகரை "ஐயா" என்றோ "பாஸ்டர்" என்றோ கூப்பிடலாம். அவர் உங்களைவிடப் பத்து வயது சின்னவராக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டாம். சபையார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் "கவுண்டரே" என்றால் சந்தோஷப்படுவார்கள். பெண்களை அக்கா, அம்மா, ஆயா என்று வயசுக்குத் தகுந்தபடி கூப்பிடுங்கள்.

4. தேவை என்ன என்று எப்படிக் கேட்பது

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் உங்களைப் பொறுத்தது. கார் பெரிசாக இருந்தால் தேவையும் பெரிசாகும். மனித சுபாவம், மலையில் மட்டும் வேறு மாதிரி இருக்காது.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "போன மழையில என்னென்ன சிரமப்பட்டீங்க?" "போன வருஷம் சபைக்குச் செலவான பெரிய செலவு எது, எப்படிச் சமாளிச்சீங்க?" இந்த இரண்டாவது கேள்வி தங்கம். அவர்களே சமாளித்த கதை வெளியே வரும். யார் மரம் கொடுத்தார், யார் மூன்று நாள் கூலியில்லாமல் வேலை செய்தார் என்று சொல்வார்கள். நீங்கள் தொடக்கூடாத இடம் எது என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: போதகர், ஒரு மூப்பர் (சபைப் பொறுப்பிலிருக்கும் பெரியவர்), ஒரு பெண். எங்கள் மலைச் சபை விஷயத்தில் போதகர் மதில் என்றார், மூப்பர் மைக் செட் என்றார். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே ஒரு அக்கா சொன்னார்: "பொம்பளைங்க போக ஒரு கக்கூஸ் இல்லீங்க. மூணு மணி நேரம் ஆராதனை. கைக்குழந்தைக்காரிங்க பாதியில எந்திரிச்சுக் காட்டுக்குள்ள போறாங்க." அந்தக் கழிப்பறைதான் நாங்கள் முதலில் கட்டியது.

5. பணம்

நீளமாகச் சொல்லவேண்டியது இதுதான்.

முதலில் அவர்களுடைய காணிக்கையை மதியுங்கள். பல வீடுகளில் இன்னும் பிடியரிசிப் பழக்கம் இருக்கிறது: உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியையோ ராகியையோ தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவார்கள். அற்பமாகத் தெரியும். மிஸோரத்தில் 1910 வாக்கில் பெண்கள் தொடங்கிய இதே பழக்கம்தான் அந்த மாநிலத்துச் சபைகளை வெளியார் பணமில்லாமல் நிற்க வைத்தது. அங்கிருந்து மற்ற மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்புகிறார்கள். நீங்கள் மாதம் பத்தாயிரம் அனுப்ப ஆரம்பித்ததும் மலையில் அந்தப் பானை காலியாகிவிட்டால், உதவி என்ற பெயரில் சபையின் முதுகெலும்பை உருவிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதை நான் கண்ணால் பார்த்தது அறுப்பின் பண்டிகையில். அன்றைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காய், ஒரு சீப்பு வாழை, ஒரு படி மிளகு, கால் கட்டிய ஒரு சேவல். அவ்வளவு சிரிப்பும் கிண்டலுமாக நடக்கும். மச்சானை வம்புக்கு இழுத்து ஏலத்தை ஏற்றுவார்கள். எங்களோடு வந்த ஒருவர், நல்ல மனசுக்காரர், ஒரு பலாப்பழத்துக்கு எடுத்த எடுப்பில் ஆயிரம் ரூபாய் என்றார். கூடம் அமைதியாகிவிட்டது. அதுவரை இருபது, முப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். மீதிப் பொருளையெல்லாம் நாங்களே எடுத்தோம். வசூல் அதிகம்தான், ஆனால் அது எங்கள் பண்டிகையாகிவிட்டது. இப்போதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் ஏலம் கேட்டு முடிகிறவரை வாயைத் திறப்பதில்லை. கடைசியில் மிஞ்சுகிறதை ஊர் விலைக்கு வாங்குவோம்.

ஆகவே எங்களுக்குள் வைத்திருக்கும் வழக்கம்: அன்றாடச் செலவு அவர்களுடையது. விளக்கு, திருவிருந்து, கரண்ட் பில், பாய் எல்லாம் சபைக் காணிக்கையிலிருந்து. எதிர்பாராத செலவுக்கும் அவர்கள் கைக்கு எட்டாத செலவுக்கும் நாங்கள். அதிலும் பாதியாவது அவர்கள் பங்கு இருக்கவேண்டும். பணமாக இல்லாவிட்டால் மரமாக, கல்லாக, ஆள்கூலியாக.

மாதாமாதம் கொடுப்பதென்றால் சின்னத் தொகையாக, நிற்காமல் கொடுங்கள். உங்கள் சபையில் இருபது குடும்பம் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் 4,000. அது ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். மூன்று மாதம் பத்தாயிரமாக அனுப்பிவிட்டு நான்காவது மாதம் மறந்துபோவதற்கு, கொடுக்காமலே இருக்கலாம். அந்த நம்பிக்கையில் போதகர் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? சபைப் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, இரண்டு பேர் கையெழுத்தில் எடுக்கிற ஏற்பாடு இருந்தால் நல்லது. பதிவு இல்லாத சபைக்குக் கணக்கு தொடங்க முடியாமல் இருக்கும். போதகர் தன் சொந்த எண்ணைக் கொடுப்பார். அதில் கள்ளம் இருக்கவேண்டியதில்லை. ஆனால் பின்னால் வரும் பேச்சு அவர் தலையில்தான் விழும். மேலே சங்கமிருந்தால் அதன் வழியாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் மூப்பர் ஒருவரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அனுப்பிய தொகையை ஆராதனையில் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் மலைச் சபையில் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதி, சுவரில் ஆணியில் மாட்டியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதைவிட நல்ல தணிக்கை எனக்குத் தெரியாது.

வெளிநாட்டுப் பணம் பற்றிக் கொஞ்சம் கவனம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் இந்திய பாஸ்போர்ட்காரராக இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அவரே அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டால் வரும், வெளிநாட்டு இந்தியர் என்ற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் வரும். அப்படிப்பட்ட பணத்தை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேரவேண்டும், ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. மலைமேல் இருக்கும் இருபது வீட்டுச் சபைக்கு இந்தப் பதிவு இருக்க வாய்ப்பில்லை. "ஐயா அக்கவுண்டுக்கு ஆயிரம் டாலர் போட்டுட்டேன்" என்று உங்கள் அமெரிக்க மச்சான் சொன்னால், அவர் அந்த ஐயாவைச் சிக்கலில் மாட்டிவிட்டார்.

நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு மதத்தாருக்கென்றே நடக்கும் அமைப்புகளுக்குப் பொதுவாக அது கிடைப்பதில்லை.

6. கட்டடம் என்றால் பத்திரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

சபைக்குக் கட்டடம் கட்டித்தருவது சமவெளிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த உதவி. கல்வெட்டில் பெயர் வரும். அவசரப்படாதீர்கள்.

நிலம் யார் பெயரில்? மலையில் பல நிலங்கள் நிபந்தனைப் பட்டா. விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கட்டுப்பாடு உண்டு. சில இடங்கள் வனத்துறை எல்லைக்குள் வரும். "எங்க அப்பா கொடுத்த இடம்" என்பது வாய்ப்பேச்சாகவே நாற்பது வருஷம் ஓடியிருக்கும். பேரன் தலைமுறையில் தகராறு வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சிட்டா, அடங்கல் பார்த்து, நில அளவை வரைபடத்தையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் செங்கல்லைப் பற்றிப் பேசவேண்டும். புதிதாக வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வீட்டு வரி ரசீதை வைத்துக்கொண்டு கட்டி, சிலுவையை வைத்த பிறகு சீல் வைக்கப்பட்ட கட்டடங்கள் உண்டு. மனு கொடுத்து அலைய ஒரு வருஷம் ஆனாலும் அந்த ஒரு வருஷம் அலையுங்கள். அந்த அலைச்சலில் ஒரு வக்கீல் செலவையும் நாமக்கல் போய்வருகிற பஸ் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்வது கல்வெட்டைவிட உபயோகம்.

பழுதுபார்ப்பதுதான் எங்களுக்கு அமைந்தது. அந்த ஒழுகல் கதையை முடித்துவிடுகிறேன். பதினோரு இடம் ஒழுகுகிறது என்றதும் புதுக் கூரை என்று நாங்கள் மதிப்பீடு போட்டோம். சோளக்காட்டிலிருந்து வந்த மேஸ்திரி ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு ஷீட்டாகத் தட்டிப் பார்த்தார். "ஷீட்டு நல்லாத்தான் இருக்கு, வாசர்தான் போச்சு" என்றார். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட்டின் நட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இருநூறு சொச்சம் வாஷர், நாலு புது ஷீட், ஒரு டின் தார், இரண்டு நாள் கூலி. காற்று அடிக்கிற பக்கம் மட்டும் ஒரு வரிசை போல்ட் கூடுதலாகப் போட்டார், ஏனென்றால் அந்தப் பக்கம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். இதெல்லாம் சேலத்தில் உட்கார்ந்து மதிப்பீடு போடுகிறவனுக்கு எங்கே தெரியும். புதுக் கூரைக்குச் சேர்த்ததில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

ஆகவே மலையில் ஆள் இருக்கும்போது கீழிருந்து மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சிமென்ட் மூட்டைக்குப் பாதை முடிகிற இடத்திலிருந்து தலைச்சுமைக் கூலி தனி. அதை மதிப்பீட்டில் மறக்காதீர்கள்.

7. போதகர் வீடு

ஐயாவுக்கு ஞாயிறு ஒரு ஊர், புதன் ஒரு ஊர், வெள்ளி ஒரு ஊர். எல்லாம் பைக்கில். மலையில் பிரேக் ஷூவும் டயரும் சமவெளியைவிடச் சீக்கிரம் தேயும். பெட்ரோல் கொடுக்கிறவர்கள் உண்டு, டயர் மாற்றிக் கொடுக்கிறவர்கள் அபூர்வம். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை சர்வீஸ் செய்து கொடுங்கள். நல்ல ரெயின்கோட் ஒன்று, ஹெல்மெட் ஒன்று.

அவர் மனைவியிடம் தனியாகப் பேச உங்கள் குழுவில் ஒரு பெண் கட்டாயம் வேண்டும். விருந்தாளி வந்தால் இருக்கிற ஒரே கோழியை அடிப்பவர் அவர்தான். நாங்கள் எட்டுப் பேராகப் போய் இரண்டு நாள் தங்கிய பிறகு அந்த வீட்டு அரிசி டப்பா எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்கு மூன்று பயணம் ஆயிற்று. இப்போது சமையல் சாமான் செம்மேட்டிலேயே வாங்கிக்கொண்டு போகிறோம், கீழிருந்து மூட்டை கட்டுவதில்லை. மலைக் கடைக்காரருக்கும் வியாபாரம்.

8. பிள்ளைகள்

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வாலிபர்கள் ஆசையாகக் கிளம்புவார்கள். நல்லது, செய்யட்டும். ஆனால் நடத்துவது அங்குள்ள ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் துணைக்கு இருக்கட்டும். ஐந்து நாள் பலூனும் பாட்டும் காட்டிவிட்டுப் போனால், ஆறாவது நாள் அந்த அக்காவின் வகுப்பு பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக்கூடாது; எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் உள்ளூர்க்காரர். இதில் சலுகையே கிடையாது. போட்டோவும் அப்படித்தான். மூக்கு ஒழுகும் பிள்ளையை மட்டும் பொறுக்கி எடுத்து, "இந்தப் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்ஆப்பில் போட்டால், இரண்டே நாளில் சுற்றிச் சுற்றி அது அந்தப் பிள்ளையின் சித்தப்பாவுக்கே வந்து சேரும். சேர்ந்தது. மன்னிப்புக் கேட்க நான்தான் போனேன். கூட்டமாக எடுங்கள், பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுங்கள், ஊர்ப்பெயர் போடாதீர்கள்.

பிள்ளைகளைக் கீழே கூட்டிவந்து ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைக்கும் யோசனை வரும். 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி பதிவு இல்லாத இடத்தில் ஒரு பிள்ளையைக்கூட வைக்கக்கூடாது. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையிலேயே உண்டு. அவற்றில் படிக்கும் பிள்ளைக்கு நோட்டும் ஸ்வெட்டரும் வாங்கிக் கொடுப்பது எளிது, அப்பா அம்மாவும் பக்கத்தில் இருப்பார்கள்.

9. ஊரோடு ஒத்துப் போவது

சபை இருபது வீடு என்றால் ஊர் நூறு வீடு. அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிற மலை இது. சபையாரின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவீர்கள், திங்கட்கிழமை அவர்கள்தான் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கவேண்டும்.

முதல் நாளே ஊர்க்கவுண்டரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். எங்கிருந்து வருகிறோம், எத்தனை நாள் இருப்போம் என்று சொல்லுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், மலையில் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்கும். போர்வையோ மருந்தோ கொடுத்தால் ஊருக்கே கொடுங்கள், சபையாருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஞானஸ்நானத்தோடு எந்தப் பொருளையும் முடிச்சுப் போடாதீர்கள். அரிசிக்காக வந்தவர் என்ற பெயர் ஒருவருக்கு ஒட்டிவிட்டால் அவர் பேரன்வரை போகும்.

"கிறிஸ்தவராகிவிட்டால் எஸ்.டி. சான்றிதழ் போய்விடும்" என்று அங்கே யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். பட்டியல் சாதியினருக்கு 1950-ஆம் ஆண்டு ஆணையில் இருக்கிற மத வரையறை பட்டியல் பழங்குடியினருக்கான ஆணையில் கிடையாது. இதைத் தெரிந்தவர் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னாலே பல வீடுகளில் நிம்மதி வரும்.

இன்னொன்று, கல்லறை நிலம். சபையில் ஒருவர் இறந்தால் எங்கே அடக்கம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர்கள் தயங்கினால், மைக் செட்டையும் மதிலையும் தள்ளி வைத்துவிட்டு அதற்கு முதலில் வழி பாருங்கள். ஊரோடு பேசி ஒரு மூலையை ஒதுக்கச் செய்வது, வருவாய்த்துறையில் மனுக் கொடுப்பது என்று மெதுவாக நகரும் வேலை. சாவு விழுந்த அன்று போய்ப் பேச முடியாது.

10. எத்தனை வருஷம் என்று முதலிலேயே சொல்லுங்கள்

"நாங்க எப்பவும் உங்களோட இருப்போம்" என்று மேடையில் சொல்லாதீர்கள். மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம் என்று சொல்லுங்கள். முதல் வருஷம் மாதம் 4,000, இரண்டாவது வருஷம் 3,000, மூன்றாவது வருஷம் 2,000 என்று இறங்குகிற மாதிரி பேசிக்கொண்டால், அந்த இடைவெளியை நிரப்ப அவர்கள் முன்கூட்டியே ஏதாவது பார்ப்பார்கள். எங்கள் மலைச் சபையார் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கால் ஏக்கரில் சில்வர் ஓக் நட்டு, அதில் மிளகுக்கொடி ஏற்றினார்கள். மூன்றாவது வருஷம் காய்த்தது. பணம் நின்ற பிறகும் நாங்கள் போய்வருகிறோம். இப்போது போனால் பேசுவதற்கு இன்னும் சௌகரியமாக இருக்கிறது.

இறங்கும்போது கையில் ஏதாவது கொடுப்பார்கள். செய்தித்தாளில் மடித்த மிளகு, ஒரு சாக்கில் மரவள்ளிக்கிழங்கு, சீசன் என்றால் பலாப்பழம். "ஐயோ, எதுக்குங்க" என்று மறுக்கக்கூடாது, காசும் கொடுக்கக்கூடாது. பலாப்பழத்தை சீட்டுக்கு அடியில் வைத்தால் வளைவில் உருளும், காலுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய பழமென்றால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார், சில்லறை வைத்திருங்கள்.